போன ரயில் திரும்பி வரும்

மாத்தளைப் பாதையில் விடப்போகும் சிறப்பு ரயிலுக்கு மலர் ஒன்று வெளியிடுகிறோம், நாலு வரி வாழ்த்து எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். வேலையில் இருந்த காலத்தில் என்னிடம் நாலு வார்த்தை கேட்டு வந்த எவரும் நாலு வார்த்தையோடு தப்பியதில்லை. இதை உங்களுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது.

வாழ்த்தத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் நீங்கள் அனுப்பியிருந்த ஒத்திகை ஓட்டத்தின் வீடியோவைப் பார்த்துத் தொலைத்தேன். வாழ்த்து அதோடு நின்றுவிட்டது.

அதில் என்ன இருக்கிறது என்று எடுத்த உங்களுக்கே தெரிந்திருக்காது, அதனால் நானே சொல்கிறேன். வத்தேகமைக்கும் உக்குவளைக்கும் நடுவே இருக்கும் அந்தப் பெரிய வளைவில் ரயில் நிற்கிறது. பிறகு பின்பக்கமாக நகர்கிறது. மேலே டிரோன் பறக்கிறது. இசை வேறு போட்டிருக்கிறீர்கள். பின்னால் போகிற ரயிலுக்கு முன்னே பாதையில் ஒரு மனிதர் நடந்து போகவில்லை. கொடி பிடித்த ஒரு கை இல்லை. உங்கள் குழுவின் சட்டை போட்ட ஒருவர் மட்டும் பாதையோர வீட்டில் காயப்போட்டிருந்த சேலைகளைச் சுருட்டி வேலிக்குப் பின்னால் போடுகிறார். படம் சுத்தமாக வரவேண்டுமாம். சேலையை அகற்ற ஆள் இருக்கிறது, சேலைக்காரியிடம் ரயில் திரும்பி வருகிறது என்று சொல்ல ஆள் இல்லை.

உங்களில் ஒருவருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "அக்கா, ஆளு முன்னால நடக்கிறதெல்லாம் பழைய சிஸ்டம். இப்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுர்றோம். மேல டிரோன்லயும் பாத்துக்கிறோம்" என்றார். யாருடைய வாட்ஸ்அப் தம்பி? உங்கள் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவர்கள். தண்டவாளத்தில் நடப்பவர்கள் அந்தக் குழுவில் இல்லை. அந்த மலைச்சரிவில் மரங்கள் பாதையை மூடிக்கொண்டு நிற்கின்றன, உங்கள் டிரோன் இலையைத்தான் பார்க்கும்.

எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் போகவில்லை. சொற்கள் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் இந்தத் தொழிலில் பொறுக்க இன்னும் நிறைய இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நான் கண்டியில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் டிக்கெட் போடும் மேசையில் வேலைக்குச் சேர்ந்தவள். ஒருநாள் ரயில் பைத்தியங்கள் சிலர் வந்து, அதிகம் ரயில் ஓடாத பாதையில் பழைய எஞ்சின் பூட்டிய ரயிலில் போகவேண்டும் என்று கேட்டார்கள். அலுவலகத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ரயில்வேக்காரர்களிடம் பேசி அதை ஒழுங்குசெய்து கொடுத்தது நான். அன்றிலிருந்து அந்த வேலை என் தலையில் விழுந்தது, ஓய்வுபெறும்வரை இறங்கவில்லை.

பைத்தியங்கள் என்று சொன்னாலும் அவர்களை எனக்குப் பிடிக்கும். மஹியாவ சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது ஒலிப்பதிவுக் கருவியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பெட்டியில் உள்ள எல்லாரையும் வாயைப் பொத்தச் சொன்ன ஒருவர் இருந்தார். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி சரியாக அந்த நேரம் தும்மினார். மாத்தளை போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இப்படிப்பட்டவர்களோடு நாள் போவதே தெரியாது. என் கோபம் அவர்களுடைய ஆசைமீது இல்லை, அந்த ஆசைக்காக மற்றவர்களை ஓரமாகத் தள்ளிவைக்கும் நம்முடைய கைமீது.

இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ரயிலுக்குள் இருந்துகொண்டு அந்த ரயிலைப் படமெடுக்க முடியாது அல்லவா? அதனால் அழகான ஓர் இடத்தில் ரயிலை நிறுத்தி எல்லாரும் இறங்கி, மேட்டில் வரிசையாகக் கமெராவோடு நிற்பார்கள். வெறும் ரயில் பின்பக்கமாகப் போய் வளைவுக்கு அப்பால் மறையும். பிறகு புகையைக் கக்கிக்கொண்டு முழு வேகத்தில் முன்னால் ஓடிவரும். எல்லாரும் படமெடுப்பார்கள். மறுபடி வந்து நிற்கும், எல்லாரும் ஏறிக்கொள்வார்கள். 'ரன் பாஸ்ட்' என்பார்கள். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியும். இவர்களுக்கு அந்தப் பயணத்தின் உயிரே அதுதான்.

இனிப் பாதையோரத்தில் வாழ்கிறவர்களைப் பாருங்கள். மாத்தளைப் பாதையில் நாளுக்குச் சில ரயில்கள்தான். பெரிய வீதி அக்குறணைப் பக்கமாகப் போய்விடுகிறது. இந்தப் பக்கத்து வீடுகளுக்குத் தண்டவாளம்தான் வீதி, ரயில் அவர்கள் வாயில் 'கோச்சி'. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது, கராம்பு காயவைப்பது, கியாஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவது எல்லாம் அதன்மேல்தான். அவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்: ரயில் வந்தால் ஒதுங்கு, போனால் நட. போன ரயில் அந்த நிமிடமே திரும்பி வராது. உலகத்தில் எந்த ரயிலும் அப்படி வருவதில்லை, நம்முடையதைத் தவிர.

அதனால்தான் நான் 'முன்நடை' என்று ஒன்றை வைத்தேன். ரயில் பின்னால் போவதற்கு முன், அது போகப்போகிற தூரம் முழுவதையும் நம்முடைய ஆள் ஒருவர் காலால் நடக்கவேண்டும். வீடுவீடாக நின்று, ரயில் இன்னும் முடியவில்லை, பின்னால் வரும், மறுபடி முன்னால் போகும் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லவேண்டும். பாதை வெறுமையாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு வளைவில் வந்து நின்று பச்சைக் கொடி காட்டவேண்டும். அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு நான் கடைசிப் பெட்டியில் இருக்கும் ரயில் கார்டுக்குத் தலையசைப்பேன். அவர் டிரைவருக்குச் சைகை கொடுப்பார். அந்த வேலையை நஸீர் செய்தார். அக்குறணைக்காரர், குரல் பெரிது. அந்தக் குரலுக்காகவே அவரை நான் வேலைக்குக் கேட்டு வாங்கினேன்.

அந்தப் பெரிய வளைவில் ஒருமுறை ஒரு சம்பவம் நடந்தது. அன்று எங்கள் ரயிலில் கொழும்பிலிருந்து வந்தவர்களும் வெளிநாட்டவர்களுமாக நல்ல கூட்டம். எங்கள் மேலாளரும் வந்திருந்தார். பெயர் வேண்டாம், அதற்குப் பிறகு அவருக்குக் கொழும்பில் பெரிய கதிரை கிடைத்துவிட்டது. ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, படித்து மேலே வந்தவர். அதில் எனக்கு அவர்மீது மரியாதைகூட இருந்தது. அன்று மத்தியானம்வரை இருந்தது.

வத்தேகமை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பாதையோரம் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தன. குச்சி நட்டு, நூல் இழுத்து, அதில் வெள்ளைத் துண்டுகள் வரிசையாகத் தொங்கின. வெள்ளைக் கொடி கட்டினால் சாவு வீடு என்று இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேட்டில் ஒரு வீடு, வாசலில் ஆட்கள். எங்கள் ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் கை காட்டவில்லை.

ஜன்னலோரம் இருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் அந்தக் கொடிகளைக் காட்டி, இது எங்களுக்காகவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேலாளர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஆமாம், ஊர் மக்கள் உங்களை வரவேற்கிறார்கள் என்றார். அந்தப் பெண் சந்தோஷமாகக் கை அசைத்தார். சாவு வீட்டைப் பார்த்துக் கை அசைத்தார். மேலாளரைத் தனியாகக் கூப்பிட்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"விடுங்கக்கா, டூர்ல வந்தவங்ககிட்டப் போயி சாவு அது இதுன்னு சொல்லணுமா? மூட் போயிரும்" என்றார்.

அந்த வீட்டைத் தாண்டியதும் ஒரு கட்டிங் வருகிறது. மலையை வெட்டி ரயிலுக்கு வழிவிட்ட இடம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண்சுவர், நடுவில் தண்டவாளம், ஒதுங்க இடமே கிடையாது. கட்டிங்கைத் தாண்டினால் அந்தப் பெரிய வளைவு, திறந்த வெளி, கீழே பள்ளத்தாக்கு. அங்கேதான் ரயிலை நிறுத்தினோம். ரயில் பின்னால் போனால் அந்தக் கட்டிங்குக்குள்தான் போகவேண்டும்.

எல்லாரும் இறங்கி வளைவோர மேட்டில் ஏறினார்கள். நான் நஸீரிடம், "கட்டிங்க முழுசா நடந்துருங்க நஸீர். வெள்ளைக்கொடி வீட்டுல நின்னு, கோச்சி திரும்பி வரும்னு சொல்லிட்டு வாங்க. அவங்க எப்ப சாவ எடுக்குறாங்கன்னும் கேளுங்க. எடுக்குற நேரம்னா நாம காத்திருப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் போய்க் கார்டோடு நின்றேன். கார்ட் சிங்களவர், பல காலம் இந்தப் பாதையில் இருந்தவர். என் தலையசைப்பு இல்லாமல் ஓர் அடி நகர்த்தமாட்டார்.

நேரம் போனது. கட்டிங் பக்கம் பச்சை தெரியவில்லை. மேற்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மேட்டில் நின்றவர்கள் வெளிச்சம் போகிறது என்று கத்தத் தொடங்கினார்கள். அப்போது மேலாளரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. மேட்டில் நின்றபடியே பேசினார்.

"அக்கா, ஏன் இன்னும் நிக்கிது? பின்னுக்கு எடுக்கச் சொல்லுங்க."

"நஸீர் வரலியே. பச்ச காட்டல."

"நஸீர் போயிட்டு வந்துட்டான். எல்லாம் கிளியர். நான்தான் அவன வேற வேலைக்கு அனுப்புனேன். எடுங்க, எடுங்க. சூரியன் மறைஞ்சா ஒன்னுமில்ல."

கார்ட் என் முகத்தைப் பார்த்தார். "மிஸ், போகவா?" என்று கேட்டார்.

தங்கச்சிமாரே, தம்பிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். மேலதிகாரி 'கிளியர்' என்று சொல்லிவிட்டார். வார்த்தை அவருடையது, பிழை வந்தால் பழியும் அவருடையது என்று நினைக்கத் தோன்றும். மேட்டில் இருந்து அத்தனை பேர் கத்துகிறார்கள். நீங்கள் தலையை ஒரு தடவை அசைத்தால் போதும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். நான் அசைக்கவில்லை. காரணம் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. பச்சையை நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வராது.

அப்போது காற்று திரும்பியது. கட்டிங் பக்கமிருந்து தப்பு மேளத்தின் சத்தம் வந்தது.

சாவு வீட்டுத் தப்பு எப்படியிருக்கும் என்று மலைநாட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டு வாசலில் அடிக்கும்போது அது ஒரே இடத்தில் நிற்கும். இது நகர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கிட்ட வந்தது. கார்டுக்குத் தமிழ்ச் சாவு பழக்கமில்லை, ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். கையில் இருந்த சிவப்புக் கொடியை என்னிடம் நீட்டினார். "நான் இங்க நிக்கிறேன். எஞ்சின் அசையாது. நீங்க போங்க" என்றார். அந்த நல்ல மனிதருக்கு இன்றைக்கும் என் கும்பிடு.

தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளில் தாவித்தாவி ஓடினேன். என் வயதில், என் உடம்போடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். கட்டிங்கின் நடுவில் அவர்களைச் சந்தித்தேன். முன்னால் தப்பு அடிப்பவர்கள், அவர்களுக்குப் பின்னால் தோளில் சவப்பெட்டி, அதற்குப் பின்னால் சனம். மண்சுவருக்கு மண்சுவர் நிறைந்து வந்தார்கள். பெட்டியைச் சுமந்தவர்களின் தோள் இரண்டு பக்கமும் சுவரில் உரசியது. கைத்தடியோடு ஒரு பெரியவர் கட்டைகளுக்கு நடுவே காலை எண்ணி எண்ணி வைத்து வந்தார். அந்தத் தப்புச் சத்தத்தில் எஞ்சின் ஊதியிருந்தால் ஒருவருக்கும் கேட்டிருக்காது. நான் தலையசைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுதமாட்டேன். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், யோசிக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடித்தேன். தப்பு ஒவ்வொன்றாக நின்றது. பெட்டிக்கு முன்னால் ஈர வேட்டியோடு ஒருவர் வந்துகொண்டிருந்தார். செத்துப்போன அம்மாவின் மகன். சதீஷ் என்று பெயர், அக்குறணையில் ஒரு கடையில் வேலை செய்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன்.

"என்னாங்கம்மா? கோச்சிதான் போயிருச்சே" என்றார்.

"போயிருச்சு. ஆனா இப்ப பின்னால திரும்பி வரும்."

"எதுக்குங்க? எஞ்சின் கெட்டுப்போச்சா?"

"இல்லங்க."

"யாருக்கும் அடிபட்டுருச்சா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

"படம் எடுக்க."

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். திட்டவில்லை. சொன்னது சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஸ்டேஷன்ல போயி கேட்டோம். இன்னைக்கு ஒரு ஸ்பெஷல் கோச்சி போகுது, அது போனதும் எடுங்கன்னாங்க. அது வர்ற வரைக்கும் எங்கம்மாவ வாசல்லயே வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தோம். போனதும் தூக்குனோம். போனதப் பாத்துட்டுத்தாங்க தூக்குனோம்."

அவர் பக்கத்தில் என்ன பிழை? கேட்டார்கள், காத்திருந்தார்கள், பார்த்தார்கள், பிறகுதான் இறங்கினார்கள். ஒரு மனிதன் இதற்குமேல் என்ன கவனமாக இருக்கமுடியும்?

"வாங்க. கோச்சி நகராது. நான் முன்னால நடக்கிறேன்" என்றேன். சிவப்புக் கொடியோடு அந்தப் பெட்டிக்கு முன்னால் நான் நடந்தேன். பின்னால் தப்பு மறுபடி தொடங்கியது.

கட்டிங்கை விட்டு வெளியே வந்ததும் மேலாளர் மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தார். பெட்டியைப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் வெளுத்தது, அதை நான் பார்த்தேன். மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த கணம் வானத்தைப் பார்த்தார்.

"அக்கா, அஞ்சே அஞ்சு நிமிஷம். இவங்கள ஓரமா நிக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு ஷாட். மழைக்கு முன்னால முடிச்சிரலாம்."

"சாவு ஊர்வலத்த நிறுத்தவா?"

"நம்ம சனம்தானேக்கா. சொன்னா கேப்பாங்க."

அந்த வார்த்தைக்கு நான் அவரை அறைந்திருக்கவேண்டும். என் கையில் கொடி இருந்தது. "நம்ம சனம்னா காத்துக்கிட்டே நிக்கணுமா? வெள்ளக்காரன் ஊட்டுச் சாவா இருந்தா நிக்கச் சொல்லுவீங்களா? ஒங்க அம்மாவத் தூக்கிட்டு வந்தா நிப்பீங்களா?" என்று அந்த இடத்திலேயே, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன். மேட்டில் நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. தெரியாவிட்டாலும் புரிந்திருக்கும்.

நின்றிருந்த ரயிலின் ஓரமாக ஊர்வலம் போனது. டிரைவர் எஞ்சினின் இரைச்சலை முடிந்தவரை அடக்கிவிட்டுக் கீழே இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். மேட்டில் சிலர் கமெராவைக் கீழே இறக்கினார்கள். சிலர் இறக்கவில்லை. ஒருவர் என்னிடம் வந்து, பெட்டி எஞ்சினைத் தாண்டும்போது கொஞ்சம் புகை விடச் சொல்லமுடியுமா என்று கேட்டார். இதை நான் கதை கட்டிச் சொல்லவில்லை. மரியாதையாக, தாழ்ந்த குரலில், 'தயவுசெய்து' என்று சேர்த்துக் கேட்டார்.

நஸீரைத் தேடினேன். மேட்டின் மறுபக்கத்தில் ஒரு ஆட்டைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு நின்றார். முகம் செத்திருந்தது.

"நீங்க கட்டிங்குக்குப் போகலியா?" என்று கேட்டேன்.

"போகப் போனேன் அக்கா. சேர் கூப்பிட்டு, ஆடு படத்துக்குள்ள வருது, புடிச்சிட்டு நில்லுன்னு செல்லினாங்க. இன்னம் அங்கால போய்ப் பாக்கல்ல சேர், வெள்ளக்கொடி கட்டின மையத்து வீடு ஒண்டு ஈக்கிது எண்டு நான் செல்லினேன். அத அக்கா பாத்துக்குவாங்க, நீ நில்லுன்னாங்க." ஆட்டின் கயிற்றை அவர் இன்னும் விடவில்லை. "அந்தப் பொடியன எனக்குத் தெரியும் அக்கா. எங்கட ஊர்க் கடையிலதான் நிக்கிறான்."

போய்ப் பார்க்காத பாதையை மேலாளர் 'கிளியர்' என்றார். ஓர் ஆட்டுக்காக. ஆடு படத்தில் வந்தால் படம் கெட்டுப்போகும். ஆட்கள் படத்துக்குள் வரவில்லை, அவர்கள் கட்டிங்குக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தார்கள், ஆகவே அவர்கள் இல்லை. கமெராவில் தெரியாதது பாதையில் இல்லை என்று நினைக்கும் இந்த நோய் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. மருந்து காலால் நடப்பது ஒன்றுதான்.

மழை கொட்டியது. ரன் பாஸ்ட் இல்லாமலே ரயில் புறப்பட்டது. மேலாளர் மைக்கை எடுத்து, உள்ளூர்வாசிகளின் இடையூறு காரணமாகப் படப்பிடிப்பு நடக்கவில்லை, வருந்துகிறோம் என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். இடையூறு! தங்கள் தாயைத் தங்கள் பாதையால் தங்கள் மயானத்துக்குக் கொண்டுபோனது இடையூறாம்.

மைக்கை அவர் கையிலிருந்து வாங்கினேன். பிடுங்கினேன் என்று சொல்வதுதான் சரி. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: நீங்கள் பார்த்த வெள்ளைக் கொடிகள் உங்களை வரவேற்க அல்ல, ஒரு தாய் இறந்ததற்காக. இந்த ரயில் போகட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். நாங்கள் அவர்களிடம் சொல்லாமல் திரும்பி வரப்பார்த்தோம். இடையூறு அவர்கள் அல்ல, நாங்கள். சொல்லிவிட்டு அதையே சிங்களத்திலும் சொன்னேன்.

கை அசைத்த அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பின்வரிசையிலிருந்து ஒருவர் கையை உயர்த்தினார். அப்படியானால் திரும்பும்போது ரன் பாஸ்ட் உண்டா என்று கேட்டார். இந்தத் தொழிலில் இருப்பதென்றால் இந்த இரண்டு பேரோடும் ஒரே பெட்டியில் இருக்கப் பழகவேண்டும்.

எனக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். சில காலம் மறுபடி டிக்கெட் மேசையில் உட்காரவைத்தார்கள். வாடிக்கையாளர் முன்னால் மேலதிகாரியை அவமதித்தேனாம். அவமதித்தது உண்மைதான், அதில் எனக்கு இன்றும் ஒரு துளி வருத்தம் கிடையாது. நஸீரை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். அவர் போனால் நானும் போவேன் என்று சொன்னேன், விட்டுவிட்டார்கள். மேலாளர் கொழும்புக்குப் போன பிறகு சிறப்பு ரயில் வேலை மறுபடி என்னிடம் வந்தது. அன்றிலிருந்து நான் ஓய்வுபெறும்வரை முன்நடை இல்லாமல் ஒரு ரயிலும் பின்னால் நகர்ந்ததில்லை. அந்த வளைவில் எந்த ரயிலையும் பின்னால் எடுத்ததே இல்லை. இதைத்தான் நீங்கள் பழைய சிஸ்டம் என்கிறீர்கள்.

ஒன்று மட்டும் மீதி இருக்கிறது. கருமாதிக்கு நஸீரும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். அழைப்பு இல்லை, ஆனாலும் போனோம். சதீஷ் எங்களுக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். கோபத்தைக் காட்டவில்லை. இனி எங்கள் ரயில் இந்த இடத்தில் திரும்பி வராது என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். பிறகு, "அக்கா, ஒன்னு கேக்கவா?" என்றார்.

"கேளுங்க."

"நீங்க வராதுன்னு சொல்றீங்க. நான் நம்புறேன். ஆனா எங்கூட்டுப் பொம்பளைங்க நம்ப மாட்டேங்கிறாங்க. முன்னல்லாம் கோச்சி போனதும் லைன்ல எறங்கிருவாங்க. இப்ப கோச்சி போன பொறகும் எறங்காம ஓரத்துலயே நிக்கிறாங்க, புள்ளைங்களயும் புடிச்சிக்கிட்டு. பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுதுன்னாலும் கேக்கிறதில்ல. அவங்களுக்கு நான் என்னான்னு சொல்றது? எம்புட்டு நேரம் நின்னா போதும்?"

எந்தக் கேள்விக்கும் வாய் மூடாத நான், தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

நஸீர் இப்போதும் அந்தப் பக்கம் போய்வருகிறார். போன கிழமை பார்த்துவிட்டு வந்து சொன்னார். வழக்கமான ரயில் போய்விடுகிறது, அதன் சத்தமும் அடங்கிவிடுகிறது. அந்த வீட்டுப் பெண்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓரத்தில் நிற்கிறார்கள். நம்மால் நிற்கிறார்கள்.